ராயபுரத்திலிருந்து கோடியக்கரை வரை: பஸ்ஸிலேயே ஒரு கடலோரப் பயணம், முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

வடசென்னைக்காரர்களுக்குக் கடல் ஒன்றும் புதிதில்லை. ஆனால் நம் பக்கத்துக் கடல் துறைமுகச் சுவருக்கும் கருங்கல் தடுப்புக்கும் கண்டெய்னர் லாரி வரிசைக்கும் அப்பால் இருக்கிறது. அதே கடலைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் முதலை, அலையாத்திக் காடு, வெளிமான், பூநாரை (ஃபிளமிங்கோ) என்று கரை மாறிக்கொண்டே போகும். பைக்கோ காரோ தேவையில்லை. அரசு பஸ், ஒரு முதுகுப்பை, நான்கு இரவுத் தங்கல் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடியக்கரைக்குப் பக்கத்து ஊரான வேதாரண்யத்துக்கு நேரடி பஸ் இருக்கிறது, ஏறிப் படுத்தால் காலையில் ஊர் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். திரும்பி வர அதைத்தான் நானும் சொல்லப்போகிறேன். போகும்போது வேண்டாம். பகலில், ஊருக்கு ஊர் மாறிப் போங்கள். இரவு பஸ்ஸில் போனால் கரையைப் பார்க்காமலே கரைக்குப் போய்ச் சேருவீர்கள்.

1. நாள் பார்ப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். பறவைகள் வருகிற காலமும் அதுதான் என்றாலும், முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் சரிப்படாது. பொங்கல் வாரத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள். திங்கள்கிழமை முதலைப் பண்ணைக்கு விடுமுறை. வெள்ளி, சனியில் புதுச்சேரி விடுதிகள் விலை ஏறிவிடும். செவ்வாய் கிளம்பினால் இரண்டிலும் மாட்டமாட்டீர்கள்.

2. பழவேற்காட்டில் ஒரு ஒத்திகை

பெரிய பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, எடுத்துப்போகும் அதே பையை முழுதாக அடைத்து ஒரு நாள் பழவேற்காடு போய் வாருங்கள். பொன்னேரி வரை மின்ரயில், அங்கிருந்து பஸ். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இப்போது பார்க்க அதிகமில்லை. ஆனால் டச்சுக் கல்லறைகளில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்காமல் வராதீர்கள். படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் போகவேண்டாம். 2011 டிசம்பரில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கரையில் நின்றாலே பறவை பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் தோள் வலித்தால் பையில் பாதியை வெளியே எடுத்துவிடுங்கள். இந்த ஒத்திகையே அதற்குத்தான்.

3. பை

நெரிசலான பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள முடிகிற அளவுதான் சரியான அளவு. மூன்று செட் துணி, சீக்கிரம் காயும் துண்டு, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், ஆதார் அட்டை, காதில் வைக்கப் பஞ்சு. இவற்றோடு ஒரு சின்னப் பூட்டு. விடுதி லாக்கருக்குப் பூட்டு பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். கோடியக்கரையில் அது இல்லாமல் பூநாரைகள் வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான். சில்லறையும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களும் தனிப் பையில் இருக்கட்டும்.

4. திருவான்மியூர் வரை, பிறகு இடப்பக்க ஜன்னல்

ராயபுரமோ தண்டையார்பேட்டையோ, எங்கிருந்தாலும் கடற்கரை ரயில் நிலையத்துக்கு வந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர் போய்விடுங்கள். காலை நேரத்தில் நகரப் போக்குவரத்தில் சிக்கினால் அரை நாள் அங்கேயே போகும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு மாநகர பஸ் உண்டு. சாதாரணக் கட்டண பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

தெற்கே போகும்போது கடல் இடது கைப் பக்கம். காலை வெயிலும் அதே பக்கம்தான், தொப்பியை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். பெயர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையே தவிர, கடல் தொடர்ந்து தெரியாது. வழி முழுக்கக் கேளிக்கைப் பூங்காவும் ரிசார்ட் மதிலும். முட்டுக்காடு பாலத்தில் மட்டும் கண்ணை மூடாதீர்கள்.

மாமல்லபுரத்துக்கு முன்பே, வடநெம்மேலியில், 'முதலைப் பண்ணை' என்று நடத்துநரிடம் சொல்லி இறங்கிவிடுங்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய இடம். அங்கேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோக, பிழைப்பு இழந்த இருளர்கள் 1978-ல் அமைத்த சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. முதலையைவிட இதைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன்.

5. விடுதியில் படுக்கை

மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும்தான் பேக்பேக்கர் ஹாஸ்டல் என்ற வகை கிடைக்கும். அறை அல்ல, அடுக்குக் கட்டிலில் ஒரு படுக்கை. பதிவு செய்யுமுன் போன் போட்டுக் கேட்க வேண்டியவை இரண்டு. சென்னை முகவரி ஆதாருக்கு இடம் தருவார்களா? சில விடுதிகள் பக்கத்து ஊர்க்காரர்களை ஏற்பதில்லை. நமக்கு எரிச்சல்தான், ஆனால் பணம் கட்டிய பிறகு வாசலில் நின்று வாதாடுவது அதைவிட எரிச்சல். அடுத்தது, பெண்களுக்குத் தனி டார்மிட்டரி உண்டா? இருந்தால் முதல்முறை அதையே எடுங்கள். கீழ்க்கட்டில் கேட்டு வாங்குங்கள். ராத்திரி பத்துக்கு மேல் ஹாலில் பேசலாம், படுக்கை அறையில் கூடாது.

மறுநாள் காலை கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுச்சேரி பஸ்கள் மாமல்லபுரம் ஊருக்குள் வராமல் வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்விடும். ஷேர் ஆட்டோவில் புறவழிச் சாலை முனைக்குப் போய் நின்று கையைக் காட்ட வேண்டும். எட்டு மணிக்குள் போனால் உட்கார இடம் கிடைக்கும். இந்தப் பாதையில் மரக்காணம் உப்பளங்கள் வரும். அதை ஒட்டியதுதான் கழுவெளி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் என்ற சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்த சதுப்பு நிலம்.

புதுச்சேரியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நடங்கள். அவ்வளவுதான்.

6. சிதம்பரம், பிச்சாவரம், தரங்கம்பாடி

கடலூர் வழியாகச் சிதம்பரம். இங்கிருந்து ஹாஸ்டல் கிடையாது, லாட்ஜ்தான். தனியாளுக்கு அறை இல்லை என்று சில லாட்ஜ்களில் சொல்லிவிடுவார்கள். அதனால் மதியத்துக்குள் ஊர் சேர்ந்து, கோயில் வீதிகளில் குடும்பங்கள் தங்கும் லாட்ஜாகப் பார்த்துக் கேளுங்கள். பையை வைத்துவிட்டுக் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் பஸ் பிடிக்கலாம். அங்கே மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். சுரபுன்னை வேர்களுக்கு நடுவிலிருக்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம். தரங்கம்பாடியில் இரண்டு மணி நேரம் இறங்குங்கள். டேனியர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கியதும் இங்கேதான். தங்கும் இடங்கள் விலை அதிகம், எனவே இருட்டுமுன் வேதாரண்யம் போய்ச் சேருங்கள்.

7. கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், பத்து கிலோமீட்டர் சொச்சம். போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி, 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம். வனத்துறையிடம் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் காட்டுக்குள் போக வேண்டும். அவர்கள் காட்டும் பாதையை விட்டு விலகாதீர்கள்.

சரணாலயம் 1967-ல் அமைந்தது. 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, தமிழ்நாட்டில் முதலாவதாக. காலை ஒன்பதுக்குள் புல்வெளியில் வெளிமான்கள் மேயும். முறுக்கிய கொம்போடு கருப்பாக இருப்பது கலைமான், அதாவது ஆண். பக்கத்திலேயே மட்டக்குதிரைகளும் திரியும். வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை, இப்போது மானோடு புல்லுக்கும் தண்ணீருக்கும் போட்டி. பூநாரைகள் காட்டுக்குள் இருக்காது. சதுப்பிலும் உப்பளத்தை ஒட்டிய ஆழமில்லாத நீரிலும் தேடுங்கள். இன்று எந்தப் பக்கம் கூட்டம் நிற்கிறது என்று வனக்காவலரிடம் கேட்பதுதான் குறுக்கு வழி. பையில் பழம் இருந்தால் உள்ளே தள்ளி ஜிப்பை மூடுங்கள், குரங்குகள் சும்மா விடாது.

8. திரும்பி வர

வேதாரண்யத்திலிருந்து சென்னைக்கு இரவு நேரடி அரசு விரைவு பஸ். இதற்கு மட்டும் கிளம்புமுன்பே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள், சனி இரவு கடைசி நேரத்தில் கிடைக்காது. காலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ராயபுரம் வரை மாநகர பஸ்ஸில் வர முயலாதீர்கள். தாம்பரம் போய்க் கடற்கரை மின்ரயில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, நேர அட்டவணையை முந்தின நாளே பார்த்துவையுங்கள்.