கேலன் விலையை லிட்டருக்கு மாற்றி ஒப்பிடும் முறை

அமெரிக்க பெட்ரோல் விலையையும் பிரிட்டன் விலையையும் அருகருகே வைத்துப் பார்க்க நினைத்தபோது, நாணய மாற்று விகிதத்தைச் சரியாகப் போட்டும் எனக்குத் தவறான விடையே வந்தது. தவறு கேலனில் இருந்தது.

முதலில், விலை எந்த அளவைக்கு உரியது என்று பாருங்கள். அமெரிக்காவில் கேலனுக்கு இத்தனை டாலர் என்பார்கள். பிரிட்டனில் லிட்டருக்கு இத்தனை பென்ஸ். பென்ஸை நூறால் வகுத்துப் பவுண்டாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த படியில்தான் நான் சறுக்கினேன். கேலன் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உள்ளன. அமெரிக்க கேலன் 231 கன அங்குலம், அதாவது 3.785 லிட்டர், 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரிட்டனில் வந்த இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர், ஏறத்தாழ 20 சதவீதம் பெரியது. கணக்குக்காக, அமெரிக்காவில் ஒரு கேலன் 3.60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 3.785ஆல் வகுத்தால் லிட்டருக்கு 95 சென்ட். நான் செய்ததுபோல் 4.546ஆல் வகுத்தால் 79 சென்ட். ஐம்பது லிட்டர் டாங்கி ஒன்றை நிரப்பும் கணக்கில் அந்தப் பிழை எட்டு டாலராகிவிடும். அமெரிக்க லிட்டர் விலை கேலன் விலையின் கால் பங்கைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும்; அதற்குக் குறைந்தால் தவறான கேலனை எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

லிட்டர் விலை கிடைத்த பிறகே நாணயத்தை மாற்றுங்கள். விலை எடுக்கப்பட்ட அதே நாளின் விகிதம் வேண்டும். இரண்டையும் ஒரே பெருக்கலில் முடிப்பவர்களுக்குப் பிழை எங்கே நேர்ந்தது என்று தெரியாமல் போய்விடும். "கேலன்" என்று மட்டும் காட்டி, எந்தக் கேலன் என்று சொல்லாத மாற்றுக் கருவிகளை நான் நம்புவதில்லை. ஒரு விரிதாளில் இரண்டு கேலன் எண்களையும் தனித்தனிக் கட்டங்களில் பெயரிட்டு வைப்பதே பாதுகாப்பானது.

பின்சேர்க்கை: விலையோடு மைலேஜையும் ஒப்பிட விரும்பிய வாசகர்கள் சிலர் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். பிரிட்டனில் எரிபொருளை லிட்டரில் விற்றாலும், மைலேஜை இம்பீரியல் கேலனுக்கு இத்தனை மைல் என்றே பேசுகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அறிய, அமெரிக்க எண்ணாக இருந்தால் 235.2ஐ அதனால் வகுக்க வேண்டும். பிரிட்டன் எண்ணாக இருந்தால் 282.5ஐ வகுக்க வேண்டும். ஒரே 40 மைல், அமெரிக்கக் கணக்கில் 5.9 லிட்டர், பிரிட்டன் கணக்கில் 7.1 லிட்டர்.