மைக்ரோப்ரூவரிக்கு வருபவரைத் திரும்ப வரவைக்க

பெங்களூரில் ஒரு சின்ன மைக்ரோப்ரூவரியில், அதாவது அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் கடையில், பீர் காய்ச்சுகிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது புது ருசிகளைப் பற்றித்தான்: மாம்பழம் சேர்க்கலாமா, சிக்மகளூர் காபி சேர்க்கலாமா? தாராளமாகச் சேருங்கள். ஆனால் அதை ருசி பார்க்க வருபவர் ஒருமுறை வருவார். வாரம் தவறாமல் வருபவர் தன் வழக்கமான பீருக்காக வருகிறார். இந்திராநகரில் உள்ள டாய்ட் (Toit) மைக்ரோப்ரூவரியில் மெனுவைத் திறக்காமலே பாஸ்மதி ப்ளாண்ட் என்று பேர் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்க ஒரு பீர் உங்களிடமும் வேண்டும். போன மாதம் இருந்த மாதிரியே அது இந்த மாதமும் இருக்க வேண்டும்.

இதில்தான் பாடு அதிகம். ஜெர்மன் பாணி கோதுமை பீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் தருபவை. பழமோ மசாலாவோ போடுவதில்லை. 18 டிகிரியில் நொதித்தால் கிராம்பு தூக்கலாக இருக்கும், 22-க்குப் போனால் வாழைப்பழம் முந்திக்கொள்ளும். எது உங்கள் ருசி என்று முடிவுசெய்து, ஒவ்வொரு பேட்சிலும் டேங்கை அதே சூட்டில் நிறுத்துங்கள். அப்புறம் தண்ணீர். காவிரித் தண்ணீர் ஒரு மாதிரி, போர்வெல் தண்ணீர் வேறு மாதிரி. 2024 கோடையில் வந்ததுபோல் தட்டுப்பாடு வந்தால் டேங்கர்தான் கதி, அது எந்த போர்வெல்லின் தண்ணீர் என்றே தெரியாது. எல்லாவற்றையும் ஆர்ஓ-வில் விட்டு, வேண்டிய கால்சியத்தை நீங்களே அளந்து சேருங்கள்.

டேங்கிலிருந்து குழாய்க்கு பீர் வரும் டேப் லைன்களை 14 நாளுக்கு ஒருமுறை காரக் (ஆல்கலி) கரைசல் விட்டுக் கழுவுங்கள். அழுக்கு லைனில் பாக்டீரியா சேர்ந்தால் நல்ல பீரிலும் வெண்ணெய் வாடையும் புளிப்பும் ஏறும். குடித்தவர் புகார் சொல்ல மாட்டார், பில் கட்டிவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். பேட்ச் கெட்டிருந்தால் கொட்டிவிடுங்கள். "இன்று ஸ்டவுட் (கறுப்பு பீர்) இல்லை, அடுத்த வாரம் வரும்" என்று மேசையில் நேராகச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லும் கடையை மக்கள் நம்புகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பரிமாறுபவர்களுக்கு எல்லா பீரையும் குடித்துக் காட்டிப் பழக்குங்கள். வழக்கமாக கிங்ஃபிஷர் குடிப்பவருக்கு எடுத்ததும் ஐபிஏ என்ற கசப்பான பீர் வகையைக் கொடுக்கக் கூடாது. சின்ன கிளாஸில் பில்ஸ்னர் என்ற வெளிர் லாகர் பீரை ருசி பார்க்கக் கொடுத்து ஆரம்பிக்கட்டும். வண்டி ஓட்டி வந்தவரிடம் இன்னொரு கிளாஸ் விற்காமல் ஆட்டோ பிடித்துக் கொடுக்கட்டும். முகம் தெரிந்து பேசும் ஊழியர்தான் உங்கள் சொத்து, அவர் வேறு கடைக்குப் போகாத அளவுக்குச் சம்பளம் கொடுங்கள். தள்ளுபடி அப்படியல்ல: ஹேப்பி ஹவர் தள்ளுபடிக்கு வரும் கூட்டம் அடுத்த கடையில் இன்னும் மலிவாகக் கிடைத்தால் அங்கே போய்விடும்.

கூட்டமில்லாத செவ்வாய், புதன் மாலைகளில் காய்ச்சுபவரே வெளியே வரட்டும். விருப்பமுள்ளவர்களை டேங்க் பக்கம் கூட்டிப்போய், வறுத்த மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) வாயில் போட்டு மெல்லக் கொடுக்கட்டும். எந்த டேங்க் எந்தத் தேதியில் திறந்தது என்பதை டேப்புக்கு மேல் ஒரு பலகையில் எழுதி வைத்து, தினமும் மாற்றுங்கள்.