அமெரிக்கா வந்த புதுசு, வீட்ல காலேஜ் அப்ளை பண்ற பிள்ளை: எஸ்ஸே பத்தி பெத்தவங்களுக்கு

வீடு பாத்து, கார் வாங்கி, ஸ்கூல்ல சேத்து ஒரு வழியா மூச்சு விடுறதுக்குள்ள, பதினொன்னாவது படிக்கிற பிள்ளை வந்து காலேஜுக்கு எஸ்ஸே எழுதணும்னு நிக்கும். நமக்கு இது சுத்தமா புதுசு. நமக்கு தெரிஞ்சதெல்லாம் கட்-ஆஃப் தான், மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200க்கு எவ்வளவு, ரேங்க் என்ன, கவுன்சிலிங்ல எந்த காலேஜ், அவ்ளோதான். உங்க பையன் வீட்ல எப்படி, எதுக்கு கோவப்படுவான், எதை நினைச்சு தூங்காம இருப்பான்னு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல ஒருத்தரும் கேட்டதில்ல. இங்க அதைத்தான் கேக்குறாங்க.

முதல்ல எங்க எது வேணும்னு பாத்துடலாம், ஏன்னா எல்லா இடத்துலயும் எஸ்ஸே கிடையாது. கலிஃபோர்னியால இருந்தீங்கன்னா கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) காலேஜுகளுக்கு பொதுவா எஸ்ஸே வேண்டாம். கம்யூனிட்டி காலேஜுக்கும் வேண்டாம் (பிள்ளை பன்னெண்டாவதுக்கு நேரா வந்து இறங்கியிருந்தா இந்த வழிய கேவலமா நினைக்காதீங்க, ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூசிக்கு, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, டிரான்ஸ்ஃபர் ஆகுறவங்க நிறைய பேர்). யூசிக்கு தனி அப்ளிகேஷன், ஒரே ஃபார்ம்ல 9 கேம்பஸுக்கும் போடலாம், அதுல 8 கேள்வி இருக்கும், 4 எடுத்து ஒவ்வொன்னுக்கும் 350 வார்த்தைக்குள்ள எழுதணும். மத்த பெரும்பாலான ப்ரைவேட் காலேஜ், வெளி ஸ்டேட் காலேஜ் எல்லாம் காமன் ஆப்ல (நிறைய காலேஜுக்கு ஒரே ஃபார்ம்ல போடுற வெப்சைட்) வரும், அதுக்கு ஒரு பெரிய எஸ்ஸே, 250ல இருந்து 650 வார்த்தை. அதோட முடியாது, ஒவ்வொரு காலேஜும் தனித்தனியா சின்ன சின்ன கேள்வி வச்சிருக்கும், எங்க காலேஜ் ஏன் வேணும் மாதிரி. பத்து காலேஜுக்கு போட்டா இந்த சின்னதுங்கதான் மொத்தத்துல பெரிய வேலை, அதை யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க.

யூசி எஸ்ஏடி (இங்க காலேஜுக்கு எழுதுற நுழைவு டெஸ்ட்) மார்க்கையே பாக்குறதில்ல, ரெகமண்டேஷன் லெட்டரும் பொதுவா கேக்குறதில்ல. அப்போ கிரேடு, எடுத்த கோர்ஸ், ஆக்டிவிட்டி லிஸ்ட் (பாடத்துக்கு வெளிய பிள்ளை செஞ்சதெல்லாம்) இதெல்லாம் போக பிள்ளை தன் வாயால பேசுற ஒரே இடம் அந்த 4 பதில்தான்.

சரி, எதைப் பத்தி எழுதுறது? நம்ம வீடுகள்ல முதல்ல வர்றது அரங்கேற்றம், ரோபாட்டிக்ஸ், ஸ்பெல்லிங் பீ. அப்புறம் புதுசா வந்த பிள்ளைங்க எல்லாரும் எழுதுற ரெண்டு இருக்கு. ஒன்னு லஞ்ச் பாக்ஸ்ல இட்லிய பாத்து மூக்கை பொத்துனாங்க, அப்புறம் நான் என் கலாச்சாரத்தை நினைச்சு பெருமைப்பட ஆரம்பிச்சேன். இன்னொன்னு இங்கிலீஷ் வராம கஷ்டப்பட்டேன், உழைச்சேன், இப்போ ஏ வாங்குறேன். ரெண்டும் உண்மையாவே நடந்திருக்கும், நான் பொய்னு சொல்லல, ஆனா அட்மிஷன் ஆபீஸ்ல உக்காந்து படிக்கிறவங்களுக்கு பேரை மாத்திட்டா யாரோடதுன்னே தெரியாது. அரங்கேற்றம் எழுதவே கூடாதுன்னும் இல்ல. எத்தனை வருஷம் பிராக்டிஸ் பண்ணேன்னு எழுதாம, நட்டுவாங்கம் வேகம் கூடும்போது கால் தப்புச்சே, அப்போ மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எழுதினா அது வேற எஸ்ஸே.

எனக்கு பிடிச்சது வீட்டுக்குள்ள தேடுறது. ஒரு உதாரணத்துக்கு வச்சுக்குவோம், பாட்டி விசிட்டர் விசால ஆறு மாசம் வந்திருக்காங்க, அவங்க ஊர்ல இருந்து கொண்டு வந்த மாத்திரை அட்டையெல்லாம் இங்கிலீஷ்ல, அம்மா அப்பா ரெண்டு பேரும் ஆபீஸ், பேத்திதான் டப்பா டப்பாவா பிரிச்சு காலைக்கு சூரியன் ராத்திரிக்கு நிலா வரைஞ்சு ஒட்டுறா. ஒரு நாள் பாட்டி சூரியன் டப்பாவ சாயங்காலம் எடுத்து முழுங்கிடுறாங்க, ஏன்னு கேட்டா ஜன்னல் வழியா வெயில் அடிக்குதுல்லனு சொல்றாங்க (சம்மர்ல இங்க எட்டு மணி வரைக்கும் வெளிச்சம்தானே). பேத்தி படத்தை அழிச்சுட்டு காபி டம்ளரும் சாப்பாட்டு தட்டும் வரையுறா. இதை கேட்டா நம்ம என்ன சொல்வோம், இதெல்லாம் ஒரு விஷயமா, நீ போய் அந்த ஒலிம்பியாட் பத்தி எழுதுன்னு. ஆனா அந்த பொண்ணு எப்படி யோசிக்கிறா, தப்பா போனதும் என்ன பண்றா, எல்லாம் அந்த நாலு மாத்திரை டப்பாலயே இருக்கு. ஒலிம்பியாட் ஆக்டிவிட்டி லிஸ்ட்ல ஏற்கனவே இருக்கு, திரும்ப எதுக்கு.

லிஸ்டுன்னதும் இதையும் சொல்லிடுறேன். எச்4ல (எச்1பி விசால வேலை பாக்குறவங்களோட குடும்பத்துக்கு குடுக்கிற விசா) இருக்கிற பிள்ளைங்க சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாது, கூட படிக்கிறவங்க கடையில வேலை பாத்தேன்னு போடும்போது நம்ம பிள்ளைக்கு போட ஒன்னுமில்லன்னு தோணும். காமன் ஆப் ஆக்டிவிட்டி லிஸ்ட்ல 10 இடம் இருக்கு, அதுல குடும்பப் பொறுப்புன்னே ஒரு வகை இருக்கு. தம்பிய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து சமைச்சு வைக்கிறது, பாட்டிக்கு கிளினிக்ல மொழிபெயர்க்கிறது எல்லாம் அங்க தாராளமா போடலாம். நம்ம ஆளுங்க இதை வீட்டு வேலைதானேன்னு விட்டுடுறாங்க.

பத்தாவது நடுவுல ஸ்கூல் மாறினது, ஊர்ல போர்டு மார்க் போடுற முறை வேற, இங்க சில கிளாஸ் கிடைக்காம போச்சு, இந்த மாதிரி விளக்கமெல்லாம் மெயின் எஸ்ஸேல போட்டு இடத்தை வீணாக்காதீங்க. காமன் ஆப்ல கூடுதல் தகவலுக்கு தனி கட்டம் இருக்கு, அங்க நாலு வரில நேரா சொல்லிட்டா போதும். யூசிலயோ படிப்புல கிடைச்ச வாய்ப்பு இல்ல தடை பத்தி ஒரு கேள்வியே இருக்கு, புதுசா வந்த பிள்ளைக்கு அது அல்வா சாப்பிடுற மாதிரி.

எழுதுற விதம். பதினொன்னாவது முடியுற சம்மர்லயே ஆரம்பிச்சுடுங்க, காமன் ஆப், யூசி ரெண்டு அப்ளிகேஷனும் ஆகஸ்ட் 1 திறக்கும், எர்லியா போடுறதுக்கு நவம்பர் 1 இல்ல 15னு வரும், யூசிக்கு சப்மிட் பண்றது அக்டோபர்ல ஆரம்பிச்சு நவம்பர் கடைசி வாக்குல முடிஞ்சுடும், ஸ்கூல் தொடங்கிட்டா பிள்ளைக்கு மூச்சு விட நேரமிருக்காது. இங்கிலீஷ்ல எழுத உக்காந்தா திணறுற பிள்ளையா இருந்தா முதல்ல போன்ல ரெக்கார்ட் போட்டுட்டு தமிழும் இங்கிலீஷும் கலந்து வாயால சொல்ல சொல்லுங்க, யாராவது கேக்குற மாதிரி, அப்புறம் அதை கேட்டுட்டே எழுதட்டும். டிக்ஷனரில இருந்து பெரிய பெரிய வார்த்தைய தேடி திணிக்க விடாதீங்க, பதினேழு வயசு பிள்ளை பேசுற மாதிரி இருக்கணும், கம்பெனி ரெஸ்யூமே மாதிரி இல்ல. ஸ்கூல் கவுன்சிலரும் இங்கிலீஷ் டீச்சரும் படிச்சா போதும், வாட்ஸப் குரூப்ல போட்டு இருபது பேர்கிட்ட கருத்து கேட்டா கடைசில யாரோட குரலும் இருக்காது.

முக்கியமா நீங்க கீபோர்டுல கை வைக்காதீங்க. கன்சல்டன்ட்னு ஆயிரக்கணக்குல டாலர் கேட்டு முழுசா எழுதியே குடுக்கிறவங்களும் இருக்காங்க, ஏஐல போட்டு எடுக்கிறதும் இப்போ சகஜமா போச்சு. அப்ளிகேஷன்ல இது என் சொந்த எழுத்துன்னு பிள்ளை கையெழுத்து போடுது. காமன் ஆப் ஏஐ எழுதினதை சொந்தம்னு காட்டினா மோசடின்னே விதில வச்சிருக்கு, யூசி காப்பி அடிச்சிருக்கான்னு சோதிக்குது, சில பேர்கிட்ட லிஸ்ட்ல போட்டதுக்கு ஆதாரம் குடுன்னும் கேக்கும். பெத்தவங்களுக்கு வேலையே இல்லன்னு இல்ல, பிள்ளைக்கு மறந்து போன சின்ன வயசு கதை நமக்குத்தான் தெரியும், ராத்திரி சாப்பிடும்போது அதை சொல்லுங்க, எழுந்து போய்டுங்க.

கடைசி ராத்திரி வரைக்கும் வைக்காதீங்க, சைட் மெதுவாகும். டாக்குமென்ட்ல இருந்து கட்டத்துல பேஸ்ட் பண்ணதும் பத்தி பிரிச்சது சரியா வந்திருக்கா, ஒரு காலேஜ் பேரை இன்னொரு காலேஜுக்கு விட்டு வச்சிருக்கான்னு ப்ரிவ்யூல பாருங்க. யூசில ஒரு தடவை சப்மிட் அழுத்திட்டா அந்த 4 பதில்ல ஒரு எழுத்தைக் கூட மாத்த முடியாது.