மழைக்காலத்துக்கு முன்: எந்த அலுவலகத்தை எதற்கு அழைப்பது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே அரிசி, பருப்பு, மெழுகுவத்தி வாங்கி வைக்கும் வழக்கம் தமிழகக் கடலோர வீடுகளில் உண்டு. அத்துடன், வெள்ளம் வந்தால் எந்த அமைப்பு எந்த வேலையைச் செய்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் இருப்பதால், அவர்களை நேரடியாக அழைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழியே உருவான அந்தப் படை, மாநில அரசு கேட்டுக்கொண்ட பிறகே மாவட்டங்களுக்கு அனுப்பப்படுகிறது. எந்தத் தெருவுக்குப் போவது என்பதும் மாவட்ட நிர்வாகம் சொல்லித்தான் தெரியும்.

ஆகவே முதலில் அழைக்க வேண்டியது மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைத்தான். வெளியூரில் இருப்பவர் கடலூரில் தனியாக இருக்கும் தாயாருக்காக அழைப்பதானால், 04142 என்ற எஸ்.டி.டி. குறியீட்டை முன்னால் சேர்க்க வேண்டும். இல்லையேல் அழைப்பு, அழைப்பவர் இருக்கும் மாவட்டத்துக்கே போய்விடக்கூடும். 1077 கிடைக்காவிட்டால் மாநிலக் கட்டுப்பாட்டு மையத்தை 1070இல் அழைக்கலாம். சென்னைவாசிகளுக்கு மாநகராட்சியின் 1913 உண்டு. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, கடலில் சிக்கியவர்களுக்காகக் கடலோரக் காவல்படையின் 1554. இந்த எண்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பீரோ கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசியில் மட்டும் சேமித்த எண்கள் அத்தகைய நேரத்தில் உதவா.

அழைத்ததும் என்ன சொல்வது என்பதுதான் பலருக்கும் தடுமாற்றம். “எங்கள் பகுதி முழுவதும் தண்ணீர், உடனே வாருங்கள்” என்று சொன்னால், எதிர்முனையில் இருப்பவரால் எதையும் குறித்துக்கொள்ள முடியாது. கதவு எண், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது ரேஷன் கடை, வீட்டில் எத்தனை பேர், அவர்களில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ படுக்கையில் இருப்பவரோ உண்டா, தண்ணீர் கணுக்காலளவா முழங்காலளவா இடுப்பளவா, படகு நுழையுமளவுக்குத் தெரு அகலமா என்ற வரிசையில் சொல்லுங்கள். இதையும் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் பதற்றத்தில் சொந்தக் கதவு எண்ணே மறந்துபோவதுண்டு.

எச்சரிக்கைகளுக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை மட்டும் நம்பினால் போதும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளைப் பொருட்படுத்த வேண்டாம். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்வதை ‘அதி கனமழை’ என்கிறார்கள். மஞ்சள் எச்சரிக்கை கவனமாக இருக்கவும், ஆரஞ்சு தயாராக இருக்கவும், சிவப்பு உடனே செயல்படவும் சொல்பவை. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் ஆரஞ்சு வந்த அன்றே முதியவர்களை மேட்டுப் பகுதிக்கு அனுப்பிவிடுவதே என் கணிப்பில் சரி. சிவப்புக்காகக் காத்திருந்தால் பேருந்து ஓடாமல் போகலாம்.

ஊரின் நிவாரண முகாம் எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் மழைக்கு முன்பே கேட்டு, ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது பள்ளிக்கூடமாகவோ, கடலோரமானால் புயல் பாதுகாப்பு மையமாகவோ இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது, கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, மாடுகளைக் கட்ட இடமுண்டா என்ற மூன்றையும் விசாரியுங்கள். மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுவோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அரசுக் குழு வந்து சேரும்வரை அக்கம்பக்கத்தாரே துணை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து பலரை மீட்டார்கள். அதனால் படகு, டிராக்டர், ஜெனரேட்டர், நீண்ட கயிறு ஆகியவை ஊரில் யாரிடம் உள்ளன என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிந்த பின் கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் அதே கிராம நிர்வாக அலுவலர்தான். இடிபாடுகளை அகற்றி வீட்டைக் கழுவுவதற்கு முன், சுவரில் படிந்த சேற்றுக்கோடு தெரியும்படி ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வையுங்கள்.