ஆன்லைன் விற்பனையில் கேட்வே பிடித்தத்தைக் கணக்கிட்டுக் குறைப்பது எப்படி

கேட்வேயின் (வாங்குபவர் கார்டில் கட்டும் பணத்தை வசூலித்து உங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) விலைப்பட்டியலில் ‘2.9% + 30 சென்ட்’ என்றுதான் இருக்கும். மாதக் கடைசியில் பிடித்தம் எல்லாவற்றையும் கூட்டி, விற்பனையால் வகுத்துப் பார்த்தால் நாலரை, ஐந்து என்று வந்து நிற்கும். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாமே ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பத்தியில் இருப்பதுதான். எந்த இடத்தில் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் கோபத்தில் கேட்வேயை மாற்றுகிறவர்கள், புது இடத்திலும் அதே நாலரையில்தான் போய் நிற்கிறார்கள். அதனால் முதல் வேலை கணக்கு. பேரமும் மாற்றமும் அப்புறம்.

கீழே உள்ள கணக்குகளை டாலரில் போட்டிருக்கிறோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

உண்மையான சதவீதத்தைக் கண்டுபிடிப்பது

கேட்வே டாஷ்போர்டிலிருந்து கடந்த 3 மாதப் பரிவர்த்தனை அறிக்கையை சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். வங்கிக் கணக்கில் வரவான தொகைகளின் பட்டியல் போதாது. அதில் பிடித்தம் ஏற்கெனவே கழிந்திருக்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் மொத்தம், பிடித்தம், நிகரம் என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஒரு வரியை மட்டும் எடுத்துப் பாருங்கள்: மொத்தம் 53.00, பிடித்தம் 1.84, நிகரம் 51.16. பார்த்தால் மூன்றரை சதவீதம் போலத் தெரிகிறது. அந்த 53-ஐப் பிரியுங்கள். பொருள் 40, டெலிவரி 8, வரி 5. டெலிவரிப் பணம் கூரியருக்குப் போகிறது, வரி அரசுக்குப் போகிறது, உங்கள் வியாபாரம் 40 மட்டுமே. கேட்வே சதவீதம் பிடித்ததோ 53 முழுவதற்கும். 1.84-ஐ 40-ஆல் வகுத்தால் 4.6%. லாபக் கணக்கில் வைக்க வேண்டிய எண் இதுதான்.

இப்போது 3 மாதப் பிடித்தத்தையும் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: சதவீதப் பகுதி, ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலையான பகுதி, நாணய மாற்றில் போனது, ரீஃபண்ட் கொடுத்தும் திரும்பி வராத கட்டணம், சார்ஜ்பேக் (வாங்கியவர் தன் வங்கி மூலம் பணத்தைத் திரும்ப எடுப்பது) அபராதம், மாதச் சந்தா வகையறா. இதில் நாணய மாற்று மட்டும் ‘கட்டணம்’ என்ற நெடுவரிசையில் வராது. அதைத் தனியாகத் தோண்டி எடுக்க வேண்டும், முறை கீழே இருக்கிறது. எந்தத் தலைப்பில் அதிகம் போகிறதோ, அங்கேதான் கை வைக்க வேண்டும். சராசரி பில் 6 டாலராக இருக்கும் கடைக்காரர் சதவீதத்தில் 0.2 குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதில் பிரயோஜனமில்லை.

சின்ன பில்லை அரிப்பது நிலையான பகுதி

2.9% + 30 சென்ட் என்ற ஒரே கட்டணம், 500 டாலர் பில்லில் 2.96%. 50 டாலரில் 3.5%. 5 டாலரில் 8.9%. ஸ்டிக்கர், மின்னூல், தையல் பேட்டர்ன் மாதிரி சின்னப் பொருள் விற்கிறவர்களின் எரிச்சலுக்கு முக்கால்வாசிக் காரணம் அந்த 30 சென்ட்தான்.

சில கேட்வேக்களில் சிறு தொகைகளுக்கென்று தனித் திட்டம் உண்டு: சதவீதம் கூட, நிலையான பகுதி குறைவு. கேட்டால்தான் தருவார்கள். 5% + 5 சென்ட் என்று ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தத் தொகை வரை இது லாபம் என்பதற்கு, நிலையான பகுதிகளின் வித்தியாசத்தைச் சதவீதங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் போதும்: 0.25 ÷ 0.021 = 11.90. பில் 11.90-க்குக் கீழே என்றால் சிறுதொகைத் திட்டம், மேலே என்றால் பழையது. 5 டாலர் பில்லில் 44.5 சென்ட் போனது 30 சென்டாகக் குறையும். 20 டாலர் பில்லிலோ 88 சென்ட் போனது 1.05 ஆக ஏறும். சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாதி ஆர்டர் 4 டாலர், பாதி 40 டாலர் என்றால் சராசரி 22. ஆனால் அந்தக் கடையில் 22 டாலர் ஆர்டர் ஒன்றுகூட இல்லை. இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

தனித் திட்டம் கிடைக்காவிட்டால் மூன்று நான்கு பொருளைச் சேர்த்து ஒரு செட்டாக விற்பது, குறைந்தபட்ச ஆர்டர் தொகை வைப்பது, மாதச் சந்தாவை வருடச் சந்தாவாக மாற்றுவது என்று போக வேண்டியதுதான். 12 முறை பிடிக்கும் 30 சென்ட் ஒரு முறையோடு நிற்கும்.

விலை வைக்கும்போது பெருக்காதீர்கள், வகுங்கள்

கைக்கு 20 வர வேண்டும், பிடித்தம் 15% (சந்தைத்தளத்தின் கமிஷனும் சேர்த்து) என்றால் பலரும் 20 × 1.15 = 23 என்று விலை போடுகிறார்கள். 23-ல் 15% என்பது 3.45, கையில் நிற்பது 19.55. சதவீதம் உங்கள் 20-க்கு அல்ல, வாடிக்கையாளர் கட்டும் முழுத்தொகைக்கும் என்பதை மறந்ததால் வந்த துண்டு. சரியான கணக்கு:

விலை = (கைக்கு வர வேண்டியது + நிலையான பகுதி) ÷ (1 − சதவீதம்)

20 ÷ 0.85 = 23.53. கேட்வே கட்டணம் மட்டும் என்றால் 20.30 ÷ 0.971 = 20.91. டெலிவரியும் வரியும் தனியாக வசூலிக்கிறீர்கள் என்றால், அவற்றின் மேல் பிடிக்கும் சதவீதத்தையும் ‘கைக்கு வர வேண்டியது’ என்பதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

நாணய மாற்று: ஸ்டேட்மென்ட்டில் தெரியாத பிடித்தம்

வெளிநாட்டு ஆர்டர் உள்ளவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவும். வெளிநாட்டு கார்டுக்கு என்று 1 முதல் 1.5% கூடுதலாகப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் வெட்டு தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி: ஒரு வெளிநாட்டு ஆர்டரை எடுங்கள். மாற்றப்பட்ட தேதி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துச் சந்தை நடுவிகிதத்தை (வாங்கும் விகிதத்துக்கும் விற்கும் விகிதத்துக்கும் நடுவில் உள்ளது) தேடுங்கள். சந்தையில் 0.9000, உங்களுக்குக் கொடுத்தது 0.8730 என்றால் வித்தியாசம் 0.0270, அதை 0.9000-ஆல் வகுத்தால் 3%. கட்டணம் 2.9%, வெளிநாட்டு கார்டுக்கு 1.5%, மாற்றில் 3%. ஆக 7.4%, அதற்கு மேல் 30 சென்ட். ஐந்தாறு ஆர்டருக்கு இதே கணக்கைப் போட்டால் அவர்கள் வைத்திருக்கும் வெட்டு எவ்வளவு என்பது துல்லியமாகப் புரிந்துவிடும்.

இதைக் குறைக்க, அமைப்புகளில் ‘தானாக மாற்று’ என்று இருப்பதை அணைத்துவிட்டு, வந்த நாணயத்திலேயே இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நாணயத்தில் கணக்கு தரும் வங்கிக்கோ பணப் பரிமாற்றச் சேவைக்கோ எடுத்து, அங்கே மாற்றுங்கள். வெளிநாட்டுப் பணத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாணயத்திலேயே செலவு இருந்தால் (விளம்பரம், ஹோஸ்டிங்) மாற்றவே வேண்டாம். பலர் மாட்டிக்கொள்வது இரட்டை மாற்றில்: கேட்வே யூரோவை டாலராக்கும், வங்கி டாலரை உள்ளூர் நாணயமாக்கும், இரண்டு இடத்திலும் வெட்டு. செட்டில்மென்ட் நாணயம் (கேட்வே உங்களுக்குப் பணம் அனுப்பும் நாணயம்) என்று என்ன பதிந்திருக்கிறது என்பதை இன்றே திறந்து பாருங்கள்.

ரீஃபண்ட்

50 டாலர் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு 50 போகும். உங்களிடம் பிடித்த 1.75 பெரும்பாலான கேட்வேக்களில் திரும்பி வராது. 100 ஆர்டரில் 8 திரும்பினால் 175 டாலர் கட்டணம் 4,600 விற்பனையின் மேல் விழுகிறது: 3.5% என்று நினைத்தது 3.8% ஆகிவிடும்.

இதில் தவிர்க்கக்கூடியது, சரக்கு இல்லை என்பதால் நீங்களே கொடுக்கும் ரீஃபண்ட். கார்டில் பணத்தை ‘நிறுத்திவைப்பது’ ஒன்று, ‘எடுப்பது’ வேறு. இரண்டும் ஒரே நொடியில் நடக்கும்படிதான் முதலில் அமைத்துத் தருவார்கள். அதைப் பிரித்து, சரக்கு இருப்பு பார்த்த பிறகு, அல்லது பார்சல் கட்டும்போது எடுக்கும்படி வைத்தால், இல்லாத ஆர்டரை எடுப்பதற்கு முன்பே ரத்து செய்யலாம். அப்போது சதவீதக் கட்டணம் விழாது. ரத்துக்குச் சின்னக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திவைத்த பணம் பொதுவாக ஒரு வாரம் வரைதான் நிற்கும். தாமதித்தால் அதுவே விடுபட்டு, பொருள் போய்ப் பணம் வராத கதையாகிவிடும். செய்து கொடுக்க 20 நாள் ஆகும் பொருளுக்கு இந்த முறை ஒத்துவராது.

சார்ஜ்பேக்

வாடிக்கையாளர் தன் வங்கியிடம் ‘இது நான் வாங்கியதல்ல’ என்று சொன்னால் முழுத்தொகையும் உங்களிடமிருந்து எடுக்கப்படும். மேலே அபராதம் 15, 20 டாலர் போல. வழக்கில் நீங்கள் ஜெயித்தாலும் அபராதம் பல இடங்களில் திரும்பாது. 12 டாலர் பொருளுக்கு 20 டாலர் அபராதம் என்பதெல்லாம் சர்வசாதாரணம்.

கணிசமான சார்ஜ்பேக்குகள் மோசடியே அல்ல. கார்டு பில்லில் வந்த பெயர் அடையாளம் தெரியாததுதான் காரணம். கடையின் பெயர் ஒன்று, பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வேறு, பில்லில் வருவது இரண்டாவது. அமைப்புகளில் போய் அந்தப் பெயரைக் கடைப்பெயராக மாற்றுங்கள். 22 எழுத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கும். நீளமாக இருந்தால் பாதியில் வெட்டுப்பட்டு அர்த்தமில்லாமல் நிற்கும். பிறகு நீங்களே ஒரு பொருள் வாங்கி, உங்கள் கார்டு பில்லில் என்ன வருகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

புகார் மின்னஞ்சல் வந்தால், வங்கிக்குப் போவதற்கு முன்பே ரீஃபண்ட் கொடுத்துவிடுவது மலிவு. டெலிவரி ஆதாரம், ட்ராக்கிங், உரையாடல் எல்லாவற்றையும் குறைந்தது 6 மாதம் வைத்திருங்கள். பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு.

பேரம் பேசும் முன்

நீங்கள் கட்டும் சதவீதத்தில் மூன்று பேருக்குப் பங்கு: வாடிக்கையாளருக்கு கார்டு கொடுத்த வங்கி (இன்டர்சேஞ்ச்), விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு, கடைசியாக கேட்வே. முதல் இரண்டையும் கேட்வே குறைக்க முடியாது. பேரம் மூன்றாவதில் மட்டும்.

இன்டர்சேஞ்ச் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 சட்டத்தின்படி தனிநபர் டெபிட் கார்டுக்கு 0.2%, கிரெடிட் கார்டுக்கு 0.3% என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக்கு 2011 முதல் 21 சென்ட் + 0.05% என்ற வரம்பு உண்டு. கிரெடிட் கார்டுக்கு அப்படி இல்லை. இந்தியாவில் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் பிடிக்கும் தள்ளுபடிக் கட்டணம் பூஜ்ஜியம். இன்னொரு நாட்டு விற்பனையாளரின் விகிதத்தைக் காட்டிப் பேரம் பேசுவது எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

எல்லா கார்டுக்கும் ஒரே விகிதம் என்ற கலப்புத் திட்டத்தில் இருந்தால், உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் டெபிட் கார்டு என்று அறிக்கையில் பாருங்கள். பாதிக்கு மேல் டெபிட் என்றால், மலிவான கார்டின் வித்தியாசம் முழுவதும் கேட்வேயிடம் தங்குகிறது. ‘இன்டர்சேஞ்ச் பிளஸ்’ திட்டம் (வங்கி, வலையமைப்பின் பங்கு உள்ளபடியே, அதன் மேல் கேட்வேயின் பங்கு தனியாக) கேட்க அதுவே நல்ல காரணம். ஸ்டேட்மென்ட் படிக்கச் சிக்கலாகும். ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்று வரி வரியாகத் தெரியும்.

கேட்கும்போது மின்னஞ்சலில் இந்த ஐந்து எண்களும் இருக்கட்டும்: கடந்த 3 மாத விற்பனை, சராசரி பில், சார்ஜ்பேக் சதவீதம், உள்நாடு–வெளிநாடு விகிதம், டெபிட்–கிரெடிட் விகிதம். ‘கட்டணம் அதிகமாக இருக்கிறது, குறையுங்கள்’ என்று மட்டும் எழுதினால் அச்சடித்த பதில்தான் வரும். போட்டி நிறுவனத்தின் விலைக்கடிதம் கையில் இருந்தால் இணையுங்கள்; இல்லாமல் மிரட்ட வேண்டாம்.

கூடவே சில்லறையையும் துடையுங்கள். வழக்கமான நாளுக்குக் காத்திராமல் பணத்தை உடனே உங்கள் வங்கிக்கு அனுப்புவதற்கு 1 முதல் 1.5% பிடிப்பார்கள், அவசரமில்லாதபோது அணைத்துவிடலாம். பிசிஐ (கார்டு விவரங்களைப் பாதுகாப்பதற்கான தரநிலை) கேள்வித்தாளை நிரப்பாததற்கு மாதாமாதம் அபராதம் போடும் நிறுவனங்கள் உண்டு. வருடம் ஒருமுறை நிரப்பினால் அது நின்றுவிடும்.

வாடிக்கையாளர் தலையில் வைக்கலாமா

கார்டுக்குக் கூடுதல் கட்டணம் என்று தனியாகப் போடுவது பல இடங்களில் சட்டவிரோதம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தனிநபர் கார்டுகளுக்கு 2018 ஜனவரி 13 முதல் தடை. அதற்குப் பதில் விலையைக் கணக்கோடு வைத்து, வங்கிப் பரிமாற்றத்துக்கு 2% தள்ளுபடி என்று கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் அதற்குத் தடையில்லை, வாங்குபவருக்கும் உறுத்தாது. கட்டணத்தைத் தவிர்க்க, பணம் அனுப்பும் சேவைகளில் தனிப்பட்ட பரிமாற்றத்துக்கென்று உள்ள ‘நண்பருக்கு அனுப்புவது’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. விதிமீறல் என்று கணக்கை முடக்கினால் இருப்பு மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ளும். வாங்கியவருக்கும் பாதுகாப்பு கிடையாது.

மாற்றுவது என்று முடிவானால்

சந்தா வாடிக்கையாளர் இருந்தால், சேமித்த கார்டு டோக்கன்களை (கார்டு எண்ணுக்குப் பதிலாக கேட்வே வைத்திருக்கும் குறியீடு) பழைய நிறுவனம் புதியவருக்கு நேரடியாக மாற்றித் தருமா என்று எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் ஒவ்வொருவரும் கார்டு எண்ணை மறுபடி போட வேண்டும். கணிசமானவர்கள் போட மாட்டார்கள், அந்த இழப்பு சேமிக்கும் 0.3%-ஐ விழுங்கிவிடும். ஒப்பந்தத்தை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் உண்டா, புதியவர் உங்கள் பணத்தில் ஒரு பங்கை 3 முதல் 6 மாதம் பிணையாகப் பிடித்துவைப்பாரா என்றும் கேளுங்கள். முதலில் 10% ஆர்டரை மட்டும் புதியதில் விட்டு, ஒரு முழு செட்டில்மென்ட் சுற்றுக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய கணக்கை 6 மாதம் மூடாதீர்கள், அதில் கொஞ்சம் இருப்பும் விட்டுவையுங்கள்: பழைய ஆர்டர்களின் ரீஃபண்டும் சார்ஜ்பேக்கும் அங்கேதான் வந்து சேரும்.