மொட்டை மாடி வெயிலில் குழந்தைகளுக்கான குடிநீர்

வடசென்னையின் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி போன்ற பகுதிகளில் லாரியிலோ தெருக்குழாயிலோ பிடித்த தண்ணீர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் வழியில் உடைந்த குழாய்க்குள் சாக்கடை கசிந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு, விளையாடிவிட்டு ஓடி வரும் பிள்ளை சொம்பை விரல்களோடு குடத்துக்குள் விட்டு மொள்ளும்போதும் கிருமி சேரலாம். கொதிக்க வைப்பதே எல்லாவற்றிலும் உறுதியான வழி. ஆனால் மாதக் கடைசியில் சிலிண்டரைக் கையால் தூக்கிப் பார்த்து எடையைக் கணக்கிடும் வீடுகளில் அது தினமும் நடப்பதில்லை. அத்தகைய வீடுகளுக்கு, தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி, காசில்லாமல் கிடைக்கும் வெயிலில் வைப்பது ஒரு நல்ல மாற்று.

சூரிய ஒளியிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஏ கதிர்களும் வெயிலின் சூடும் சேர்ந்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்களையும் பெரும்பாலான வைரஸ்களையும் செயலிழக்கச் செய்கின்றன. பெய்ரூட்டில் அஃப்திம் அக்ரா என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1980ஆம் ஆண்டு வாக்கில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நமக்கு அருகிலேயே, வேலூரின் ஒரு குடிசைப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நடந்து 2006இல் வெளியான ஆய்வில், வெயிலில் வைத்த தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. பொலிவியாவில் 2009இல் வெளியான இன்னொரு ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை. அங்கே சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள். எனவே இதில் கடினமானது செய்முறையன்று, நாள் தவறாமல் செய்வதுதான்.

பாட்டில் நிறமற்றதாகவும் இரண்டு லிட்டருக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று அச்சிட்ட, சாதாரணக் குடிநீர் பாட்டில் போதும். பச்சை நிறக் குளிர்பான பாட்டில் உதவாது. இருபது லிட்டர் கேனும் உதவாது, ஏனெனில் அவ்வளவு ஆழத்துக்குக் கதிர் போய்ச் சேராது. லேபிளைப் பசையோடு சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளும் புறமும் மூடியும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கீறல் விழுந்து மங்கிய பாட்டிலை மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமிகள் மண் துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும். நிரப்பிய பாட்டிலை நாளிதழின் தலைப்பின் மேல் நிமிர்த்தி வைத்து, வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்து தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் தண்ணீரைத் தெளிய வைத்து, நாலாக மடித்த வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகு மீண்டும் பாருங்கள்.

முதலில் முக்கால் பாகம் நிரப்பி, மூடி, இருபது விநாடி நன்றாகக் குலுக்குங்கள். தண்ணீரில் காற்று கரைந்தால் ஒளியின் வேலை விரைவாகும். பிறகு கழுத்து வரை நிரப்பி மூடி, மாடியில் படுக்க வைத்துவிடுங்கள். தகரக் கூரையின் பள்ளம் பாட்டிலுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். உருளவும் உருளாது, சூடும் ஏறும். காலை ஒன்பது மணிக்கு வைத்தால் மாலை மூன்று வரை, அதாவது முழுதாக ஆறு மணி நேரம், நிழல் படாமல் இருக்க வேண்டும். சின்டெக்ஸ் தொட்டியின் நிழல் நகர்ந்து வருவதும், பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் ஈரப் புடவையை விரிப்பதும் எங்கள் மாடியில் வாடிக்கை. ஆகவே நடுவில் ஒருமுறை ஏறிப் பார்ப்பது நல்லது. எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் பாட்டிலின் மேல் படியும் கரித்தூசியையும் அப்போதே துடைத்துவிடலாம். தண்ணீர் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரமே போதுமென்பார்கள். வீட்டில் அதை அளக்க வழியில்லாததால் ஆறு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வானம் மேகமாக இருந்தால் தொடர்ந்து இரண்டு நாள் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த முறை செல்லாது. அந்த நாட்களுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

மாலையில் இறக்கிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றினால் பட்ட பாடு வீண். அதே பாட்டிலில் இரவெல்லாம் ஆறவிட்டு, மறுநாள் கழுவிய டம்ளரில் நேரடியாக ஊற்றிக் கொடுங்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் பாட்டில் நான்கு போதும்: இரண்டு வெயிலில் இருக்கும், இரண்டு குடிப்பதற்கு. ஒரு ஜோடிக்குச் சிவப்பு நூல், மற்றதற்கு வெள்ளை நூல் கட்டிவிட்டால், எது இன்றைக்குக் குடிக்க வேண்டியது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் சொல்லிவிடும்.

வெயில் உப்பை நீக்காது. இரும்புச் சத்தையும் எண்ணெயையும் ரசாயனத்தையும் நீக்காது. அடிபம்புத் தண்ணீர் மஞ்சளாகவோ பெட்ரோல் வாடையுடனோ வந்தால், அதை எத்தனை நாள் மாடியில் வைத்தாலும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர் வேண்டாம். பால்மாவு கரைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் கொதிக்க வைத்த நீரையே பயன்படுத்துங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே வயிற்றுப்போக்கு இருந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்கி, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ கண் குழிந்து சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.