முதல் ஐவரைப் பற்றிச் சண்டை போடுவது எப்படி

முதலில் பெயரைச் சொல்லாதீர்கள். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் முதல் ஐவராக யாரை இறக்க வேண்டும் என்ற பேச்சைக் கும்பகோணத்தில் எடுத்தால் ஆளுக்கொரு பெயர் வரும். பெயர் வந்தால் ஊர் வரும், ஊர் வந்தால் சாதி வரும், சாதி வந்தால் ஆட்டம் போய்விடும். வேலையைச் சொல்லுங்கள். பந்தை யார் மேலே கொண்டுபோவது? வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை யார் பிடிப்பது? எதிரணியின் கெட்டிக்காரரை யார் மறிப்பது? தூரத்திலிருந்து யார் போடுவது? இந்த நான்குக்கும் ஆள் பிடித்துவிட்டு, ஐந்தாவது ஆளுக்காகச் சண்டை போடுங்கள். சுவை அங்கேதான் இருக்கிறது.

நான் மயிலாடுதுறையில் கல்லூரி அணிக்கு ஆடியவள். இப்போது போட்டிகளில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறேன். என் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அண்ணன்மார் சிலர் ஃபவுல் என்றால் என்னவென்று எனக்கு விளக்குவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன். அவர்கள் முதல் ஐவரைப் பற்றிப் பேசும் பேச்சையும் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பந்து கொண்டுபோகிறவரிலிருந்து தொடங்குங்கள். நம் ஆட்டத்தில் பந்தை எட்டு வினாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். எதிரணி நெருக்கிப் பிடிக்கும்போது பதறாத ஒருவர் இல்லையென்றால், மற்ற நால்வர் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. என் அண்ணன் மகன் மார்ச் மாதம் விடியற்காலையில் எழுந்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கிறவன். அங்கே 68 அணிகள், தோற்றால் வீட்டுக்கு. பார்த்துவிட்டு வந்து, "அத்தை, நிதானமாகப் பந்தைச் சுற்றவிட்டு ஆட வேண்டும்" என்பான். அங்கே ஆண்கள் ஆட்டத்தில் 20 நிமிடமாக இரண்டு பாதி, எறிவதற்கு 30 வினாடி, பாதிக் கோட்டைத் தாண்டப் பத்து வினாடி. நமக்குப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. அங்குள்ள யோசனையை இங்கே கொண்டுவருகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

அடுத்தது மைதானம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை நான் பார்த்த மைதானங்களில் பெரும்பாலானவை திறந்தவெளி சிமெண்டுத் தரைதான். ஆடிக் காற்று அடிக்கும் மாலையில், மூன்று புள்ளி தரும் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் பந்து எங்கே போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது. அந்த நாளில் தூர எறிவுக்காரர் இருவரை இறக்கச் சொல்கிறவர் காற்றைப் பார்க்கவில்லை என்று பொருள். வளையத்தை நோக்கி ஓடுகிறவரையும், திரும்பும் பந்தைப் பிடிப்பவரையும் கேளுங்கள். மார்கழியில் விளக்கு போட்டு இரவில் ஆடினால் பனியில் பந்து வழுக்கும். கை உறுதியானவர் பக்கம் பேசுங்கள். உள்ளரங்கம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

வாதத்துக்கு ஆதாரம் வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யார் வெளியே போனார், யார் உள்ளே வந்தார், அப்போது ஸ்கோர் என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். ஒருவர் 22 புள்ளி எடுத்தார், கைதட்டல் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உள்ளே இருந்த 30 நிமிடத்தில் அணி எட்டுப் புள்ளி பின்தங்கியது, அவர் வெளியே உட்கார்ந்த பத்து நிமிடத்தில் ஐந்து புள்ளி மீட்டது, மூன்று புள்ளியில் தோற்றது. இப்போது பேசலாம். ஆனால் ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தப் பத்து நிமிடமும் எதிரணி தன் இரண்டாம் வரிசையை விட்டிருக்கலாம்.

ஃபவுலையும் குறித்துவையுங்கள். ஐந்து வாங்கினால் ஒருவர் வெளியே. ஒரு பகுதியில் அணிக்கு ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு இலவச எறிவு. உயரமானவரைத் தொடக்கத்தில் பெஞ்சில் வைத்திருக்கும் பயிற்சியாளரை எல்லோரும் திட்டுகிறார்கள். முதல் பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கும் பழக்கம் அந்த உயரமானவருக்கு உண்டா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

இனி ஐந்தாவது ஆள். இங்கேதான் பெரியவர்கள் வந்து சேர்வார்கள், அவர்களோடு குதிரையும் வரும். என் வயதுக்காரர்களுக்குச் சிறுவயதில் கௌபாய்தான் வீரன். சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ், டூரிங் டாக்கீஸில் ஜெய்சங்கர் தொப்பி போட்ட படம். எனக்கு இன்னொன்றும் கிடைத்தது. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியதும் நாகப்பட்டினத்தில் மாமா வீட்டு மொட்டைமாடியில் கம்பம் நட்டு, உச்சியில் ஆண்டெனா கட்டினார்கள். ஒருவர் மாடியில் நின்று திருப்ப, ஒருவர் கூடத்திலிருந்து கத்த, திரையில் கொட்டும் புள்ளிகளுக்கு நடுவே ஒருவன் குதிரையில் வருவான். மொழி புரியாது, புரியத் தேவையும் இல்லை. தனியாக வருவான், தனியாகச் சுடுவான், தனியாகப் போவான். ஆறு குண்டுத் துப்பாக்கியில் எட்டு முறை சுட்டாலும் நாங்கள் எண்ணமாட்டோம். இன்றைக்கும் அந்தத் தொப்பியைப் பார்த்தால் எனக்கு மாமா வீட்டுக் கருவாட்டுக் குழம்பு மணக்கிறது.

அந்த ஆசையைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் மைதானத்தில் ஒரு பெரியவர், "எங்கள் காலத்தில் ஒருவனே ஆட்டத்தை முடித்துவிடுவான் அம்மா" என்று ஆரம்பித்தால், அவர் ஆட்டத்தை நினைத்துப் பேசவில்லை, அந்தக் குதிரைக்காரனை நினைத்துப் பேசுகிறார். அவரை மறுக்க வேண்டாம். "மற்ற நால்வர் யார் ஐயா?" என்று கேளுங்கள். இரண்டாவது பெயரில் நிற்பார். மூன்று புள்ளிக் கோடு உலக விதிகளில் 1984இல்தான் வந்தது என்பதையும் மெல்லச் சொல்லுங்கள். அவர் காலத்துப் புள்ளிகளையும் இன்றைய புள்ளிகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அப்போதும் அவர் குதிரையை விட்டு இறங்கவில்லையென்றால், உண்மையான கௌபாய்களைப் பற்றிப் பேசுங்கள். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் சுமார் இருபது ஆண்டுகள் டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயில் நிலையங்களுக்கு மாடு ஓட்டியவர்கள் அவர்கள். இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், கூட ஒரு சமையல்காரர். ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு. முன்னால் போகிறவர்கள் வழியைக் காட்டுவார்கள், பக்கத்தில் வருகிறவர்கள் மந்தை சிதறாமல் பார்ப்பார்கள். கடைசியில் வருகிறவர்கள் நொண்டி மாட்டையும் கன்றையும் தள்ளிக்கொண்டு, மந்தை கிளப்பிய புழுதி முழுவதையும் விழுங்கியபடி வருவார்கள். பெரும்பாலும் புதியவர்களுக்குத்தான் அந்த இடம். அவர்களை வைத்து யாரும் படம் எடுக்கவில்லை.

உங்கள் ஐந்தாவது ஆள் அந்தப் புழுதிக்காரர்தான். அவரைக் கண்டுபிடிக்கப் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாத பக்கத்தைப் பாருங்கள். தன் அணியின் எறிவுக்காரருக்காகக் குறுக்கே நின்று இடி வாங்குகிறவர் யார்? பந்து பறிபோன நொடியில் முதலில் திரும்பி ஓடுகிறவர் யார்? வளையத்துக்கடியில் எதிரணிக்காரரை முதுகால் நெருக்கி வெளியே வைத்து, பந்தைத் தன் தோழர் பிடிக்கவிடுகிறவர் யார்? ஸ்கோர் தாளில் இவருக்கு இரண்டு புள்ளி, மூன்று ஃபவுல் என்றுதான் நான் எழுதியிருப்பேன். உங்கள் நோட்டில் இவர் உள்ளே இருந்த நேரத்து வரிகளைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் அணியில் அந்த வேலையைச் செய்த பெண் இப்போது திருவாரூர்ப் பக்கம் ஆசிரியை. போட்டிக்கு வந்தால் இன்றைக்கும் பின்வரிசையில்தான் உட்காருகிறாள், எனக்கு அது பிடிக்கவில்லை.

நேரம் முக்கியம். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு பயிற்சியாளர் மேசைக்கு வந்து, ஐந்து பெயர்களைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் பேசுவதெல்லாம் பேசிவிடுங்கள். ஆட்டம் தொடங்கியதும், ஸ்கோர் தாளில் அந்த ஐந்து பெயர்களுக்கு எதிரே உள்ள குறிகளைச் சுற்றி நான் வட்டம் போட்டுவிடுவேன். அதன்பிறகு தோளைத் தட்டி, "அக்கா, அவரை மாற்றச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள்; மேசைக்கு அந்த அதிகாரம் கிடையாது. இரண்டடி தள்ளி நின்று, கடைசி ஐந்து நிமிடத்துக்கு யார் உள்ளே இருக்க வேண்டும் என்று ஆரம்பியுங்கள். அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.